நாலு குழுவில் சென்னியப்பன்

எங்க மோட்டார் குழுவை நாலாப் பிரிச்ச அன்னைக்குப் பொழுதோட சென்னியப்பன் நாலு பேரா ஊட்டுக்குப் போனாருங்க. நாலு பேரும் ஒரே ஊதாக் கட்டம் போட்ட லுங்கி, நாலு லுங்கியிலயும் இடது முட்டிக்கு மேல ஒரே வார்னிஷ் கறை, வாசல் கேட்டுக்கிட்டக் கழட்டி விட்ட நாலு ஜோடிச் செருப்புலயும் வலது செருப்பு வார் அறுந்து தாமிரக் கம்பியில கட்டியிருந்துச்சு. அவரு சம்சாரம் துளசிமணி கதவைத் திறந்து, ஒருக்கா எண்ணிப் பார்த்துட்டு, உள்ள போயி உலையில இன்னும் மூணு கை அரிசியைப் போட்டுச்சாம். இதை எங்ககிட்டச் சொல்லும்போது அந்த அம்மிணி அழுகவும் இல்லை, எங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தா எனக்கு அன்னைக்குக் கொஞ்சம் சோறு எறங்கியிருக்கும்.

நான் தெய்வசிகாமணி. ஓடைப்புதூர் சந்தைப்பேட்டை ரோட்டுல பம்பு சாமான் கடை வெச்சிருக்கறேன். குழுவுக்கு அட்மின் நான்தான். பிரிக்கறதுக்குப் போனை அமுக்குனது இந்தக் கட்டைவிரல்தான், அதை மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க.

குழுன்னா போன்ல இருக்கற குழுதான். பதினோரு வருசத்துக்கு முன்னால ஏழு மெக்கானிக்கு சேர்ந்து ஆரம்பிச்சது, அப்பறம் வைண்டிங் கட்டறவங்க, பம்பு கழட்டறவங்க, ஆழ்துளைக் கிணறு போடற போர் வண்டிக்காரங்க, மோட்டார் நின்னு போயி வரப்புல தலையில கைவெச்சு உக்காந்திருக்கற குடியானவங்க, மஸ்கட்டுல வேலை பார்த்துட்டு இங்கிருக்கற தென்னைக்குக் கவலைப்படறவங்கன்னு வந்து வந்து எண்ணூத்தி நாப்பது பேராச்சு. விதி போட்டது சென்னியப்பன். கேள்வி கேக்கறவரு எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா மூணு பேஸா, கிணறா போரான்னு மொதல்ல சொல்லோணும், எப்ப வரைக்கும் நல்லா ஓடுச்சு, என்னென்ன பண்ணிப் பார்த்தீங்கன்னு சொல்லோணும், சரியானதுக்கு அப்பறம் 'ஓடுது'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கேள்வியை மூடோணும். நன்றி வேண்டாம், கும்பிடற கைப்படம் வேண்டாம், ஓடுதுன்னு தெரிஞ்சாப் போதும்பாரு. மூடாத வரைக்கும் அந்த ஆளு அடுத்த கேள்வி கேக்கக் கூடாது. என்ற சொந்த மச்சினனே அந்த ஒத்தை வார்த்தையை எழுத வீம்பு பண்ணீட்டு மூணு மாசம் வாய் தொறக்காமக் கெடந்தான்னாப் பார்த்துக்குங்க. தொறந்து கெடக்கற கேள்வியெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சு, மூடுனதும் கோடு போட்டு அடிக்கறது என்ற வேலை.

சென்னியப்பனுக்கு எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி சுத்தற வைண்டிங்தான் தொழில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கடை. ஆனா அவரு பதில் சொல்லற விதம் இருக்குதே, கேக்கறவனுக்கு மொதல்ல கோவம்தான் வரும். வாவிக்காட்டுல ஒருத்தருக்கு ஒரே மாசத்துல மூணு தடவை மோட்டார் எரிஞ்சு போச்சு. வைண்டிங் சரியில்லைன்னு பாதிப்பேரு, ஓல்டேஜ் பத்தலைன்னு பாதிப்பேரு எழுதறோம், இவரு மட்டும், "ஏனுங்க, உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. மோட்டாரைக் கேட்டா குடும்பத்தைக் கேக்கறாரேன்னு அந்த ஆளு குதிச்சாரு. விசாரிச்சுப் பார்த்தா, பாகம் பிரிச்ச அண்ணனும் தம்பியும் கரண்டு வந்த அதே நிமிசத்துல வீம்புக்கு ரெண்டு மோட்டாரையும் போட, ஒத்தை டிரான்ஸ்பார்மர் தாங்காம தம்பி மோட்டார் வெந்து போயிருக்குது. அண்ணனுக்குக் காலைல, தம்பிக்கு மத்தியானம்னு பேசி விட்டு, தம்பி ஊட்டுல பொறந்த கொழந்தையைப் பாக்க அண்ணனைத் தன்ற வண்டியிலயே கூட்டீட்டுப் போயி, வர்ற வழியில கெப்பாசிட்டரையும் மாத்திக் குடுத்துட்டு வந்தாரு. மறுநாள் 'ஓடுது'ன்னு வந்துச்சு. இதை எந்தத் தலைப்புல வெப்பீங்க? இப்பக் கேக்கறேன், அப்ப எனக்குக் கேக்கத் தோணலை.

ஆனா பிரிக்கோணும்னு சொன்னவங்க மேல நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு முன்னூறு செய்தி வரும். காதுகுத்து அழைப்பு, காணாமப் போன எருமை, மழை எத்தனை மில்லி, எல்லாம் அதுலயேதான். சென்னியப்பன் மாமியாருக்கு முட்டி வலின்னு ஒரு வார்த்தை எழுதுனாரு, அதுக்கு நூத்தி நாப்பது பேரு மருந்து சொன்னாங்க, அந்த நூத்தி நாப்பதுக்கு அடியில சாமியாத்தாள்னு ஒரு அம்மா, தனியாத் தோட்டம் பார்க்கறவங்க, மோட்டார் நின்னு போச்சுன்னு கேட்ட கேள்வி மூழ்கிப் போச்சு. ஆறு நாள் ஒருத்தரும் பார்க்கலை. அறுநூறு வாழை காஞ்சு போச்சுங்க. ஏழாம் நாளு அந்த அம்மா என்ற கடைக்கு வந்து, "எல்லா மருந்தும் படிச்சுட்டேனுங்க, என்ற கேள்விக்குப் பதில் மட்டும் வரலீங்க"ன்னு சொல்லீட்டு, நான் குடுத்த தண்ணியைக் குடிக்காமப் போயிருச்சு.

அதுக்கு மறுநாள்தான் அருள்ஜோதி எழுதுனாரு. பாலிடெக்னிக்குல பாடம் எடுக்கறவரு, நல்ல மனுசன், ஆரு தோட்டத்துக்குக் கூப்புட்டாலும் பெட்ரோல் தன்னதுதான். வைண்டிங் ஒரு குழு, பம்பு ஒண்ணு, போர் ஒண்ணு, மத்ததெல்லாம் பேச்சுன்னு ஒண்ணு, தலைப்பு மாறி எழுதுனா அட்மின் நீக்கீரோணும்னு திட்டம் போட்டுக் குடுத்தாரு. பதினெட்டு நாள் அதைப் பத்தியே பேசுனோம். ஒரு பொருளைப் பத்தி எங்க போயிப் படிக்கறதுன்னு தெரிஞ்சாத்தான் மனுசன் படிப்பான்னு ஒரு பக்கம், கேக்கற ஆளுக்குத் தன்ற சீக்கு எந்தத் தலைப்புன்னு தெரிஞ்சா அவன் ஏன் நம்மகிட்டக் கேக்கறான்னு ஒரு பக்கம். பிரிக்கலாமா வேண்டாமாங்கற பேச்சுக்கே தனியா ஒரு குழு வேணும்னு ஒருத்தர் எழுத, அதுக்கு எழுபது பேரு சரின்னாங்க. அந்தப் பதினெட்டு நாளும் மோட்டாரைப் பத்தி ஒரு கேள்வி கூட மூடலை. கடைசியில ஓட்டெடுத்தோம். நானூத்திப் பன்னெண்டு பேரு பிரிக்கலாம்னாங்க, தொண்ணூத்தி ஏழு பேரு வேண்டாம்னாங்க, மீதிப்பேரு படிச்சுட்டுச் சும்மா இருந்தாங்க.

சென்னியப்பன் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடலை. "பிரிக்கறதுன்னாப் பிரிச்சுக்குங்க, நான் எதுல இருக்கோணும்னு மட்டும் சொல்லீருங்க அண்ணா"ன்னு எனக்கு எழுதுனாரு. நாலுலயும் இருங்க தம்பின்னு எழுதுனேன். "ஒருத்தன் நாலு இடத்துல எப்படிங்ணா இருக்கறது?"ன்னாரு. அதெல்லாம் இருக்கலாம், கவலைப்படாதீங்கன்னு எழுதீட்டு, வைகாசி மூணாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அமுக்குனேன்.

ஊரு ஒரு வாரம் பேசுச்சு, அப்பறம் பழகிருச்சுங்க. ரேஷன் கடைப்புள்ளை நாலு பேரோட கைரேகையையும் வெச்சுப் பார்த்துட்டு, நாலும் ஒண்ணுதான், அதனால கார்டுல ஒரு ஆளுதான்னு முடிவு சொல்லுச்சு. முடி வெட்டற கடையில அளவு ஒண்ணுதானேன்னு நாலு பேரையும் வரிசையா உக்கார வெச்சு வெட்டி விட்டாங்க. மாகாளியம்மன் கோயில் பூசாரி பேரை ஒருக்காச் சொல்லி அர்ச்சனை பண்ணீட்டு தட்டை மட்டும் நாலு தடவை நீட்டுனாரு. மினி பஸ் கண்டக்டருதான் ஒரு மாசம் சண்டை போட்டாரு, அப்பறம் அவரும், நாலு பேரும் ஒண்ணா ஏறுனா ஒரு டிக்கெட்டு, தனித்தனியா ஏறுனாத் தனித்தனின்னு ஒரு வழிக்கு வந்துட்டாரு. மொதல்ல எந்தச் சென்னியப்பன்னு கேட்டவங்க, பின்னால வைண்டிங்கண்ணன், பம்பண்ணன், போரண்ணன், பேச்சண்ணன்னு பேரு வெச்சுட்டாங்க. எழவு ஊடு, கல்யாண ஊடுன்னா பேச்சண்ணனுக்குச் சொல்லி அனுப்பறது, போர் போடறதுக்குப் பூசைன்னாப் போரண்ணனுக்கு. ஆறு மாசத்துல, மனுசன்னா ஒருத்தனாத்தான் இருக்கோணுமான்னு கேக்கற அளவுக்கு ஊரு வந்துருச்சு.

ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையில கெட்டிங்க, அதுல ஒரு குறையும் இல்லை. வைண்டிங்கண்ணன் நாள் முச்சூடும் விரல்ல சுத்து எண்ணீட்டே இருப்பாரு, பம்புல தண்ணி எந்தப் பக்கம் போகும்னு கேட்டா செவுத்தைப் பார்ப்பாரு. பம்பண்ணனுக்கு இம்பெல்லர், புஷ், வால்வு, அதுக்கு மேல ஒலகம் இல்லை. போரண்ணன் எப்பவும் குத்த வெச்சு மண்ணையே பார்த்துட்டு அடிக்கணக்குலயே பேசுவாரு. பேச்சண்ணனுக்கு ஊருல நல்லது கெட்டது அத்தனையும் தெரியும், ஸ்பேனரைக் குடுத்தா அதை வாங்கிப் பக்கத்துல வெச்சுட்டு, உங்க பொண்ணு பரிச்சை என்னாச்சும்பாரு. அவங்கவங்க குழுவுல வர்றதுக்குத்தான் பதில். நேர்ல கேட்டா நாலு பேரும் போனைக் காட்டி, "குழுவுல போடுங்க, பாக்கறேன்"னு சொல்லீருவாங்க. ஊட்டுக்குள்ளயும் அப்படித்தான்.

நாலுல பேச்சண்ணன்தான் துளசிமணியோட பழைய புருசன்னு எல்லாரும் நெனைச்சோம். ஒருநாள் நான் அவங்க ஊட்டுக்குப் போயிருந்தப்ப அந்த அம்மிணி அது அப்படி இல்லைன்னு சொல்லுச்சு. "முன்னால அவரு சோறு திங்கறப்பப் பக்கத்து ஊட்டு கிரைண்டர் சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பாருங்ணா. பேரிங்கு போகப் போகுது, நாளைக்கு விருந்தாடி வர்றாங்கன்னு அந்தம்மா ஆறு படி ஊற வெச்சிருக்குது, நடுவுல நின்னுதுன்னா அரிசி அத்தனையும் புளிச்சுப் போகும், பாவம், நீ போயிச் சொல்லீட்டு வா, நான் கைகழுவீட்டு வந்து மாட்டிக் குடுக்கறேன்னு எந்திரிப்பாரு. இப்பவும் அந்தச் சத்தம் கேட்டுட்டுத்தான் இருக்குது. வைண்டிங்குக்காரருக்குக் காதுல விழுகுது, பேரிங்கு போச்சும்பாரு, போச்சுன்னா என்னன்னு அவருக்குத் தோணாது. பேச்சுக்காரரு அந்தம்மா பாவம்பாரு, எதுக்குப் பாவம்னு அவருக்குத் தெரியாது. நாலு பேருக்கும் சோத்தைப் போட்டுட்டு நான் நடுவுல உக்காந்திருக்கறேன்"னுச்சு. காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன்.

கொடுமை என்னன்னா, பிரிச்சது நல்லா வேலை செஞ்சுதுங்க. கேள்விக்குப் பதில் வர ஒம்பது மணி நேரமானது ரெண்டு மணி நேரமாயிருச்சுன்னு அருள்ஜோதி கணக்குப் போட்டுக் காட்டுனாரு. முன்னால ஒரு சென்னியப்பன் ஒரு இடத்துக்குத்தான் போவாரு, இப்ப ஒரே நேரத்துல நாலு ஊருக்கு நாலு பேரு போறாங்க. அடுத்த வைகாசியில சாமியாத்தாள் மறுபடியும் வாழை வெச்சுது, மறுபடியும் மோட்டார் நின்னுது, பம்பண்ணன் ஒரு மணி நேரத்துல வந்து சரி பண்ணிக் குடுத்தாரு, அந்தம்மா 'ஓடுது'ன்னு எழுதுனதைப் பார்த்து நான் கடையில உக்காந்து கண்ணைத் தொடைச்சேன். அதே நாள் அதே போன்ல, பேச்சுக் குழுவுல, துளசிமணி எழுதியிருந்ததையும் பார்த்தேன். இத்தனை வருசமாக் குழுவுல பேரு மட்டும் இருந்துச்சே ஒழிய அந்த அம்மிணி ஒரு எழுத்து எழுதுனதில்லை.

"ஆள் ஒருத்தர். வயசு அம்பத்தி நாலு. என்றகிட்ட இருவத்தெட்டு வருச ஓட்டம். வைகாசி மூணாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதுக்கப்பறம் நாலாக் கழண்டு வந்திருக்கறாரு. நாலும் தனித்தனியா வேலை செய்யுது, சேர்த்து ஓட்ட முடியலை. சோறு போட்டுப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், ஒரே பாயில நாலு பேரையும் உக்கார வெச்சுப் பார்த்தேன். ஆராச்சும் வழி சொல்லுங்க."

விதிப்படி ஒண்ணு விடாம எழுதியிருந்துச்சுங்க. பேச்சுக் குழுவுல ஒருத்தர், இது ரிப்பேர் சம்பந்தப்பட்டது, வைண்டிங்குல போடுங்கன்னாரு. வைண்டிங்குல போட்டா, இது ஆளு சம்பந்தப்பட்டது, இங்க வராதுன்னாங்க. பம்புலயும் அதேதான். போர்க் குழுவுல ஆழம் எத்தனைன்னு கேட்டாங்க. தலைப்பு மாறி வந்ததுன்னு ரெண்டு இடத்துல அதை நீக்குனது நான்தான், வேற ஆருன்னு நெனைச்சீங்க. நாலு சென்னியப்பனும் பதில் சொன்னாங்க. முனை எங்கியோ விட்டிருக்கும்னு வைண்டிங்கண்ணன், உள்ள தேய்மானம் பாருங்கன்னு பம்பண்ணன், இன்னும் எறங்கித்தான் பார்க்கோணும்னு போரண்ணன். பேச்சண்ணன், "மனசை விட்டுறாதீங்கம்மா, சாப்பிட்டீங்களா?"ன்னு எழுதியிருந்தாரு. அதை எழுதுனவரும் படிச்ச துளசிமணியும் ஒரே அறையில உக்காந்திருந்திருக்கறாங்க.

என்னால முடியலை. அந்த ஞாயித்துக்கிழமையே நாலையும் ஒண்ணாச் சேர்த்துரலாம்னு அருள்ஜோதியைக் கூப்புட்டேன், அவரும் மறுபேச்சுப் பேசாம வந்தாரு. சென்னியப்பன் கடையில நாலு பேரையும் பக்கம் பக்கமா உக்கார வெச்சு, துளசிமணியும் வந்து கதவு நெலைக்கிட்ட நின்னுச்சு, சரியா நாலு மணிக்கு நான் அமுக்கிக் குழுவை ஒண்ணாக்குனேன். நாலு போனும் ஒண்ணா அடிச்சுது. நாலு பேரும் எடுத்துப் பார்த்துட்டு, நாலு பேரும் ஒரே கேள்விக்கு நாலு பதிலை எழுத ஆரம்பிச்சாங்க. வேற ஒண்ணும் நடக்கலை. துளசிமணி சித்த நேரம் நின்னு பார்த்துட்டு, "சாயங்காலம் பால்காரர் வருவாரு"ன்னு சொல்லீட்டு ஊட்டுக்குப் போச்சு.

அப்பத்தான் அருள்ஜோதி, நின்ன இடத்துலயே தலையில கைவெச்சுட்டு, "அண்ணா, கழட்டறதுக்கு முன்னால குறிச்சு வெச்சீங்களா?"ன்னு கேட்டாரு. வைண்டிங் தெரிஞ்ச எவனும் பண்ணாத தப்புங்க அது, தொழில் பழக வந்த மொத நாளே சொல்லிக் குடுக்கறது. எரிஞ்ச கம்பிக் காயிலை வெட்டி எடுக்கறதுக்கு முன்னால ஒரு நோட்டைத் தொறந்து, எத்தனை சுத்து, எத்தனாம் நெம்பர் கம்பி, எந்த முனை எதோட சேருதுன்னு எழுதி, முனைக்கு முனை நூல் கட்டி அடையாளம் வெச்சுட்டுத்தான் கத்தியைத் தொடோணும். குறிக்காம வெட்டுனீங்கன்னாக் கையில இருக்கறது வெறும் கம்பி. சென்னியப்பன் கடை அலமாரியில முப்பது வருச நோட்டு அடுக்கியிருந்துச்சு, தாலுக்காவுல ஓடுன மோட்டார் அத்தனையும் அதுல இருந்துச்சு. அத்தனையும் பொரட்டிப் பார்த்தோம். அவரைப் பத்தி ஒரு வரி இல்லை.

சரி, நெனப்புல இருக்கறதையாச்சும் சேர்ப்போம்னு எண்ணூத்தி நாப்பது பேருக்கும் எழுதுனேன். சென்னியப்பனுக்குள்ள எது எதோட சேர்ந்து இருந்துச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. ஆயிரத்து நூறு பதில் வந்துச்சு. அவரு சிரிச்சாத்தான் வேலை நடக்கும்னு ஒருத்தர், வேலை முடிஞ்சாத்தான் சிரிப்பாருன்னு ஒருத்தர். பாட்டுக் கேட்டுட்டே சுத்து எண்ணுவாருன்னு ஒருத்தர், எண்ணும்போது ஈ பறந்தாக் கோவிச்சுக்குவாருன்னு ஒருத்தர். எதுவும் எதோடயும் சேரலை. இதையெல்லாம் தலைப்பு வாரியாப் பிரிச்சு வெச்சாப் பார்க்கச் சுலபமா இருக்கும்னு அருள்ஜோதி சொன்னாரு, சொல்லீட்டு அவரே வாயை மூடிக்கிட்டாரு. கடைசியா நான் துளசிமணிகிட்டப் போயி, இருவத்தெட்டு வருசம் கூட இருந்திருக்கறியே அம்மிணி, உனக்காச்சும் தெரியாதான்னு கேட்டேன். அரிசி பொடைச்சுட்டு இருந்துச்சு. கையை நிறுத்தலை.

"நானும் எண்ணலீங்ணா. ஓடீட்டு இருக்கறதை ஆருங்க எண்ணுவாங்க?"

ஒம்பது நாள் குழு ஒண்ணா இருந்துச்சு. ஒரு கேள்விக்கு நாலு சென்னியப்பன் பதில், நாலும் வேற வேற, எதைக் கேக்கறதுன்னு தெரியாம ஆளுக்கு ஆளு சண்டை, அந்தச் சண்டைக்கு அடியில மறுபடியும் கேள்விக மூழ்க ஆரம்பிச்சுது. ஒரு தக்காளிக்காடு போச்சு. பத்தாம் நாளு நான் ஆரையும் கேக்காம மறுபடியும் நாலாப் பிரிச்சுட்டேன். ஆரும் ஏன்னு கேக்கலை. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, அன்னைக்கு எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்துச்சுங்க. அப்பறம் சோலாருக்குன்னு அஞ்சாவது குழு ஆரம்பிச்சோம், அதுல எந்தச் சென்னியப்பனையும் சேர்க்கலை, பயந்துட்டு.

துளசிமணி கேள்வி மட்டும் பேச்சுக் குழுவுல தொறந்தே கெடந்துச்சு. மாசத்துக்கு ஒருக்கா ஆராச்சும் அதுக்குக் கீழ, என்னாச்சுங்கம்மான்னு எழுதுவாங்க, அந்த அம்மிணி, இன்னும் அப்படியே இருக்குதுங்கன்னு எழுதும். என்ற நோட்டுல அடிக்காம நிக்கற கேள்வியில அதுதான் பழசு. பக்கம் திருப்பறப்ப எல்லாம் கண்ணுல படும், பட்டதும் நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருவேன்.

போன ஆடி மாசம், காத்து போட்டு அடிச்ச அடியில, அவங்க ஊட்டுக் கிணத்து மோட்டார் தண்ணி எடுக்காமப் போச்சு. நாலு நாளாப் பக்கத்து ஊட்டுல இருந்து கொடம் சொமந்திருக்குது அந்த அம்மிணி, நாலு ஆளுக்குத் தண்ணின்னாச் சும்மாவா? அஞ்சாம் நாளு காலைல, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்த பம்பண்ணன்கிட்டப் போயிக் கேட்டிருக்குது. "குழுவுல போடுங்கம்மா, பாத்துச் சொல்றேன்"னு போனைக் காட்டியிருக்கறாரு. அதுக்கப்பறம்தான் எனக்குப் போன் வந்துச்சு.

"ஏனுங்ணா, பழைய கேள்வி மூடாமப் புதுசு ஒண்ணு கேக்க முடியாதுங்களே?"

"அட, உனக்கு என்ன விதி அம்மிணி, நீ போடு, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். என்ற மச்சினனுக்குத் தளராத விதியை அந்த ஒரு ஆளுக்குத் தளர்த்துனா இந்தக் குழுவுல எவன் கேக்கப் போறான்?

போன்ல பின்னால கிரைண்டர் ஓடற சத்தம் கேட்டுச்சு. "வேண்டாமுங்ணா. அது அவரு போட்ட விதி, நாலும் ஒண்ணா இருந்தப்பப் போட்டது"ன்னு சொல்லீட்டு வெச்சிருச்சு.

பதினொண்ணு பத்துக்கு, பதினாலு மாசமாத் தொறந்து கெடந்த கேள்விக்குக் கீழ துளசிமணி எழுதுச்சு.

"ஓடுது."

பதினொண்ணு பன்னெண்டுக்குப் பம்புக் குழுவுல எழுதுச்சு. "ரெண்டு எச்.பி. மோனோபிளாக், சிங்கிள் பேஸ், திறந்த கிணறு. போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்பச் சுத்துது, தண்ணி ஏற மாட்டேங்குது. தண்ணி ஊத்தி ஓட்டிப் பார்த்தேன், ஊத்துன தண்ணி நிக்க மாட்டேங்குது." பம்பண்ணன் உடனே, கிணத்துத் தண்ணிக்குள்ள இருக்கற புட்வால்வுல எலை மாட்டியிருக்கும், கழட்டிச் சுத்தம் பண்ணுங்கம்மான்னு பதில் போட்டாரு. போட்டுட்டு அவரே எந்திரிச்சுப் போயிக் கிணத்துல எறங்கி, வேப்பெலையும் பிளாஸ்டிக் பையும் ஒரு கை அள்ளிப் போட்டுட்டு, மாட்டி விட்டுட்டு வந்து, பழையபடி நாற்காலியில உக்காந்துக்கிட்டாராம். தண்ணி வந்துச்சு. பன்னெண்டே முக்காலுக்கு அதுக்குக் கீழயும் 'ஓடுது'ன்னு வந்துச்சு.

மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு போனாலும், ஓடீட்டு இருக்கற மோட்டார் உடனே நிக்காதுங்க. உறுமீட்டே ஓடும், பக்கத்துல போயித் தொட்டுப் பார்த்தாத்தான் சூடு தெரியும், எத்தனை நேரம் அப்படி ஓடும்னு ஆராலயும் சொல்ல முடியாது. எங்க குழுவுல எண்ணூத்தி நாப்பது பேருக்கும் இது தெரியும். அந்த மொத 'ஓடுது'வை எல்லாரும் பார்த்தாங்க, பார்த்ததுக்கு அடையாளம் துளசிமணி போன்ல விழுந்துட்டே இருந்திருக்கும், ஒருத்தரும் ஒரு எழுத்து எழுதலை.

மத்தியானம் சோத்துக்குப் போறதுக்கு முன்னால நான் நோட்டை எடுத்தேன். ரெண்டு கேள்வி. கிணத்து மோட்டார் கேள்வியை மொதல்ல அடிச்சேன், அப்பறம் பக்கம் பக்கமாப் பின்னால திருப்பிப் போயி அந்தப் பழைய கேள்வியையும் அடிச்சேன். ஓடுதுன்னு எழுதீட்டாங்கன்னா மூடித்தான் ஆகோணும், அவரு போட்ட விதி அதுதானுங்க.